பாளையில் வீடு தேடுகிறவருக்கு, ரீடிங் எடுத்துத் திரிந்தவன் சொல்வது

ஓசூரிலிருந்து மாற்றலாகி வரும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “கொக்கிரகுளத்தில் ஆபீஸ். மனைவி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், மூட்டுவலியோடு அம்மா. திருநெல்வேலியில் எந்த ஏரியா நல்ல ஏரியா? வெளியூர்க்காரர்களோடு ஊர்க்காரர்கள் ஒட்டுவார்களா?” இரண்டு கேள்வி மாதிரி தெரிகிறது, ஆனால் ஒன்றுதான். எங்கே குடியேறினால் இந்த ஊர் சீக்கிரம் நம்ம ஊராகும் என்று கேட்கிறார். ஏரியா பெயர் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. அதில் அவருக்குப் பிரயோஜனம் இல்லை என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். ஒரே நகரில் மூன்றாவது தெருவில் தண்ணீர் தேனாக இருக்கும், ஐந்தாவது தெருவில் பருப்பு வேகாது. ஒரு தெருவில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள், அடுத்த தெருவில் ஆறு மணிக்கே எல்லாக் கேட்டும் பூட்டிக்கிடக்கும். ஏரியாவைத் தேர்ந்தெடுப்பது கால்வாசி வேலைதான், தெருவைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கால்வாசி.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், மின்வாரியத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கீட்டாளராக இருந்தவன். உங்கள் பாஷையில் ரீடிங் எடுக்க வருகிறவர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டு நடையிலும் ஏறியிருக்கிறேன். டவுன், ஜங்ஷன், பாளை என்று நாங்கள் சொல்லும் பாளையங்கோட்டை, மேலப்பாளையம் என்று நான்கு பக்கமும் பார்த்திருக்கிறேன். எந்த வீட்டில் மீட்டர் எந்தச் சுவரில், எந்த வீட்டு நாய் குரைக்கும், எது குரைக்காமல் கடிக்கும் என்பது வரை அத்துப்படி. இன்னொன்று, நானும் வெளியூர்க்காரன்தான். 1990இல் மன்னார்குடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவன். பள்ளிக்கூடம் பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள். என் பையன் படித்த காலம் வேறு. பாளையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லும் அளவுக்குப் பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. எது உங்கள் மகளுக்குச் சரி என்பதை இப்போது அங்கே பிள்ளை படிக்கவைக்கிற இரண்டு தாய்மாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்கள் குழம்புவதே இங்கேதான். ‘திருநெல்வேலி’ என்று ஒரே ஊர் கிடையாது. தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி டவுன், அதற்குக் கிழக்கே ரயில் நிலையத்தைச் சுற்றி ஜங்ஷன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாளையங்கோட்டை, மேலப்பாளையம். நடுவில் சுலோச்சன முதலியார் பாலம். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் என்ற உயர் பதவியில் இருந்த அந்த முதலியார் தன் சொந்தப் பணத்தில் 1843இல் கட்டிய பாலம் அது. 1994இல் மாநகராட்சி வந்த பிறகும் ‘டவுனுக்குப் போறேன்’, ‘பாளைக்குப் போறேன்’ என்றுதான் ஊரில் பேச்சு. டவுனிலிருந்து பாளைக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் பேசிப் பாருங்கள், வெளிதேசம் போகிற மாதிரி சொல்வார்கள். நீங்கள் வேலை பார்க்கப்போகும் கொக்கிரகுளம் பாளைப் பக்கம். அதனால் பாளையில் பார்ப்பதுதான் சௌகரியம். தினமும் காலையில் பாலத்தைத் தாண்டி ஜங்ஷன் நெரிசலில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. அம்மாவுக்கு ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியும் பக்கம். மகாராஜநகர், தியாகராஜநகர், பெருமாள்புரம், சமாதானபுரம், கே.டி.சி. நகர் என்று உங்கள் நண்பர்கள் சொல்லும் பெயர்கள் எல்லாமே இந்தப் பக்கம்தான். தெற்கே பார்ப்பதாக இருந்தால் ஒரு விஷயம்: குலவணிகர்புரம் ரயில்வே கேட். ஸ்கூல் வேன் நேரத்தில் அது மூடினால் என்ன ஆகும் என்று ஒரு காலை எட்டேகாலுக்குப் போய் நின்று பாருங்கள்.

வீடு பார்க்கும்போது முதலில் இடத்தின் பெயரைக் காது கொடுத்துக் கேளுங்கள். குறுக்குத்துறை, கருப்பந்துறை, சிந்துபூந்துறை. துறை என்று முடிந்தால் ஆறு பக்கத்தில் இருக்கிறது. கொக்கிரகுளம், வேய்ந்தான்குளம், நயினார்குளம் என்றால் குளம் இருக்கிறது அல்லது இருந்தது. புது பஸ் ஸ்டாண்டே வேய்ந்தான்குளத்தில்தான் நிற்கிறது. நம்ம பெரியவர்கள் பெயர் வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள், நாம்தான் ‘நகர்’ என்று ஒரு வாலை ஒட்டி மறைத்துவிட்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆறு ஏறி வந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கலெக்டர் ஆபீசைச் சுற்றித் தண்ணீர். மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டையின் ஆற்றோரத் தெருக்கள் எல்லாம் மிதந்தன. அதற்கு முன்னால் 1992 நவம்பரிலும் வந்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். வெள்ளம் வடிந்த பிறகு ஜங்ஷன் பக்கம் ரீடிங் எடுக்கப் போனால் மீட்டர் கண்ணாடிக்குள் சேறு, அட்டையில் எழுதினதெல்லாம் கரைந்து நீலமாக வழிந்து கிடந்தது. ஒரு வீட்டில் பாட்டி ஒருத்தி, “தம்பி, கரண்டே இல்லாத நாளுக்கும் எழுதிராதீங்க” என்றாள்.

அந்த அனுபவத்தில் கிடைத்த ஒரு குறிப்பு: வீடு பார்க்கப் போகும்போது மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சாதாரணமாகக் கண்ணுக்கு நேராகப் படிக்கிற உயரத்தில்தான் மாட்டுவார்கள். ஆற்றோரத் தெருக்களில் சில வீடுகளில் மட்டும் நான் முக்காலி கேட்டு ஏறித்தான் ரீடிங் எடுத்திருக்கிறேன். தெருவில் வரிசையாக மீட்டர்கள் உயரத்தில் இருந்தால் அந்தத் தெரு எதையோ பார்த்திருக்கிறது என்று அர்த்தம். இது சட்டம் ஒன்றும் இல்லை, என் கணிப்புதான். நிச்சயமாகத் தெரியவேண்டும் என்றால் எதிர்க்கடை அண்ணாச்சியிடம், “ரெண்டாயிரத்து இருபத்துமூணு மழைக்கு இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?” என்று கேளுங்கள். கையை இடுப்பில் வைத்துக் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். வீட்டு ஓனரிடம் இதைக் கேட்டுப் பயனில்லை. எந்த ஓனர் வீட்டுக்கும் தண்ணீர் வந்ததே கிடையாது.

தண்ணீர் என்றதும் அடுத்த பக்கத்தையும் சொல்லவேண்டும். இங்கே தண்ணீர் இரண்டு வகை. நல்ல தண்ணி என்பது மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர். இன்னொன்று போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், அது தெருவுக்குத் தெரு உப்பு மாறும். நல்ல தண்ணி தினமும் வருமா, ஒருநாள் விட்டு ஒருநாளா, காலையிலா நடுராத்திரியிலா என்பதும் தெருவுக்குத் தெரு வேறு. இதில் நான் பட்ட அவஸ்தை ஒன்று உண்டு. கல்யாணமாகி சில வருஷம் கழித்துப் பாளையில் ஒரு வீடு பார்த்தோம். ஐப்பசி மாதம், நல்ல மழை. கிணறு கை எட்டும் தூரத்தில் தளும்பி நின்றது. ஓனர், “தண்ணிக்குப் பஞ்சமே கிடையாது சார்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, ஐப்பசியில் கிடையாதுதான். சித்திரை பிறந்தது, கிணற்றில் வாளி தரையைத் தட்டியது. வாரத்துக்கு ஒரு லாரி தண்ணீர் வாங்கி, வாடகையில் பாதியைத் தண்ணீருக்கே கொடுத்தோம். அதிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது, வீடு பார்ப்பதாக இருந்தால் பங்குனி, சித்திரையில் பாருங்கள். அந்த வெயிலில் தண்ணீர் இருக்கிற வீடு எப்போதும் இருக்கும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் மாடி வீடு எப்படிக் கொதிக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மழைக்காலத்தில்தான் வர முடிகிறது என்றால், குழாயடியில் நிற்கிற பெண்களிடம் “சித்திரையில் எப்படி?” என்று கேட்டுவிடுங்கள். போர் தண்ணீரை ஒரு பாட்டில் பிடித்துப்போய்க் கொதிக்கவைத்துப் பாருங்கள். பாத்திரத்தில் வெள்ளை படிந்தால் அம்மாவின் தலைமுடிக்கும் உங்கள் கீஸருக்கும் அது சரிவராது. அப்புறம், பாதாளச் சாக்கடை எல்லாத் தெருவிலும் இல்லை. செப்டிக் டேங்க் வீடு என்றால் கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். வீட்டு முன்னால் ஓடும் வாறுகால் என்கிற சாக்கடையையும் குனிந்து பாருங்கள், அது ஓடுகிறதா நிற்கிறதா என்று. கொசு எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இனி என் தொழில் விஷயம், இதில் நான் உறுதியாகப் பேசலாம். முதல் கேள்வி, உங்களுக்குத் தனி மீட்டரா, ஓனரோடு சேர்ந்த இணைப்பா? வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாண்டினால் கீழே உள்ள படிகளில் கிடைத்த சலுகையும் குறைந்துவிடும். மேல்வீடு, கீழ்வீடு இரண்டும் ஒரே இணைப்பில் இருந்தால் சேர்த்து 500ஐத் தாண்டுவது சுலபம். ஓனர் ஒரு சப் மீட்டரை மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வாங்குவார். இலவச யூனிட் அவருக்கு, சண்டை உங்களுக்கு. ஓனருக்கும் குடித்தனக்காரருக்கும் வரும் மனக்கசப்பில் பாதி இந்த மீட்டர் பெட்டியின் கீழேதான் ஆரம்பிக்கும். நானே சாட்சியாக எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன். தனி இணைப்பு இருக்கிற வீடாகப் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூட என்றாலும் பரவாயில்லை.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மின் இணைப்பு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அது நம்ம மண்டல எண் 07இல் தொடங்கும். எண் கையில் இருந்தால் மின்வாரிய இணையதளத்திலேயே பாக்கி உண்டா, முந்தைய ரீடிங் என்ன என்று பார்த்துவிடலாம். பழைய குடித்தனக்காரர் கட்டாமல் போன பில்லுக்கு ஃபியூஸ் பிடுங்குவது உங்கள் வீட்டில்தான். ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாளைக்குள் கட்டவேண்டும். ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டை கிடைத்தால் அதையும் புரட்டிப் பாருங்கள். தொடர்ந்து ஏழெட்டு மாதம் ரீடிங் அசையாமல் இருந்தால் வீடு பூட்டிக் கிடந்திருக்கிறது. ஏன் பூட்டிக் கிடந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். மகன் துபாயில் இருந்திருப்பார், ஒன்றும் இருக்காது. சில நேரம் வேறு காரணம் இருக்கும். கரண்ட் போனால், மீட்டர் கருகினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒருநாள் பகலில் நிறுத்துவார்கள், முந்தின நாள் பேப்பரில் துணைமின் நிலையம் வாரியாகப் போடுவார்கள். உங்கள் தெருவுக்கு எந்தத் துணைமின் நிலையம் என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தச் செய்தியைப் படித்தும் புரியாது.

ஒப்பந்தம் பற்றி நான் வக்கீல் இல்லை, தெரிந்ததைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2017இல் கொண்டுவந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவு செய்யவேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஓனருக்குக் கோபம் வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் கூடாது. நடப்பில் அதைவிடக் கூடுதலாக அட்வான்ஸ் கேட்பவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். சட்டப் புத்தகத்தை நீட்டினால் வீடு கிடைக்காது, பேசிக் குறைக்கலாம். குறைக்க நல்ல காலம் ஆடியும் மார்கழியும். அந்த மாதங்களில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், வீடு காலியாகக் கிடக்கும். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லையென்றால் நல்ல வாடகைக்கு முடித்துவிடலாம். அம்மாவுக்கு நம்பிக்கை இருந்தால் ஆடியில் பேசி முடித்து ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுங்கள். இது எங்கள் வீட்டில் செய்தது. சுவரில் ஆணி அடிக்கலாமா, கடைசியில் வெள்ளையடிக்க எவ்வளவு பிடிப்பார் என்பதையும் பேசும்போதே எழுதிக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் நாளில் குழாய், சுவிட்ச், கதவு, சுவர்க்கீறல் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வீடு கேட்டுப் போனால் ‘எந்த ஊரு?’ என்பார்கள். ஓசூர் என்றால் ‘அதில்ல, பூர்வீகம்?’ என்பார்கள். அதற்கும் பதில் சொன்னால், ‘சாப்பாடெல்லாம் எப்படி?’ என்று வரும். இவற்றில் சில கேள்விகள் வெறும் ஊர்ப்பழக்கம். இந்தச் சீமையில் பேச்சைத் தொடங்குவதே ‘எந்த ஊரு?’ என்றுதான், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் கேட்பார். சில கேள்விகள் அப்படி இல்லை, சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். இதை நான் நியாயப்படுத்த மாட்டேன். இரண்டாவது வகைக் கேள்வி வந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவதே நல்லது. இன்று வீடு கொடுக்கும்போது அதைக் கேட்டவர் நாளைக்கு உங்கள் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்றும் கேட்பார். அப்படிக் கேட்காதவர்கள் இந்த ஊரில் ஏராளம். நான் குடியிருந்த ஐந்து வீடுகளில் நான்கில் கேட்கவில்லை.

ஒட்டுவார்களா என்று கேட்டீர்களே, அதற்கு என் முதல் வீட்டைச் சொல்கிறேன். டவுனில் ரதவீதியை ஒட்டி ஒரு வளவு. வளவு என்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்: ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக எட்டு வீடு, நடுவில் நீளமாக ஒரு முற்றம், கடைசியில் ஒரு கிணறு, ஒரே ஒரு நல்ல தண்ணிக் குழாய். காலை நாலரைக்குத் தண்ணீர் வரும். என் மனைவி வந்த மூன்றாம் நாள், முந்தின ராத்திரியே குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வந்து படுத்தாள். காலையில் போய்ப் பார்த்தால் குடம் கடைசியில் கிடந்தது. முகம் சிவந்து திரும்பி வந்து, “இவங்கல்லாம் நம்மள ஒதுக்குறாங்க” என்று அழுதாள். அன்றைக்குச் சாயங்காலம் எதிர்வீட்டு ஆச்சி ஒரு கிண்ணத்தில் எள்ளுத் துவையலோடு வந்தாள். “குடத்த வச்சாப் போதாது தாயி, ஆளும் நிக்கணும். நிக்கலைன்னா பின்னாலதான் போகும். என் குடமும் அப்படித்தான் போகும்” என்றாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமனே கொடுக்கக்கூடாது என்பதையும் அவளேதான் சொல்லிக்கொடுத்தாள். மறுநாளிலிருந்து நாலரைக்கு என் மனைவி நின்றாள். தண்ணீர் பிடிக்கும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எட்டு வீட்டுக் கதையும் தெரிந்தது. எந்த டாக்டர் கைராசி, எந்தக் கடையில் புளி நன்றாக இருக்கும், யார் வீட்டில் சீட்டுப் போட்டால் பணம் திரும்பாது என்பது வரை.

இன்று வளவுகள் குறைந்துவிட்டன. பாளையின் புதுத் தெருக்களில் ஆளுக்கொரு மோட்டார், ஆளுக்கொரு கேட். குழாயடி இல்லாததால் ஆட்களைப் பழகும் இடத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வழி ஒன்றும் கஷ்டமில்லை. ஆன்லைனில் வாங்குவதை முதல் ஆறு மாதம் குறைத்துக்கொண்டு, பாலுக்கு ஒரே ஆள், பலசரக்குக்குத் தெருமுனைக் கடை, இஸ்திரிக்கு ஒரே வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனைக் கடை அண்ணாச்சிதான் அந்தத் தெருவின் விசாரணை அலுவலகம். பிளம்பர், வேலைக்காரம்மா, ஆட்டோ, எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் வரும். பால் காய்ச்சுகிற அன்று இரண்டு பக்கத்து வீடு, எதிர்வீடு, கடை அண்ணாச்சி, நான்கு பேருக்காவது நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். போனில் செய்தி அனுப்பினால் இங்கே அழைத்ததாகக் கணக்கில்லை. காய்கறிக்கு மகாராஜநகர் உழவர் சந்தை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை மெதுவாகக் கூட்டிப்போனால், இரண்டே வாரத்தில் கீரைக்காரம்மாவுக்கு மூட்டுவலி விவரம் எல்லாம் தெரிந்துவிடும்.

பேச்சு விஷயத்தில் நான் முதலில் சறுக்கினேன். வந்த புதிதில் ஒரு வீட்டில் பெரியவர் என்னைப் பார்த்து, “என்னவே, இந்தத் தடவ கூடிருக்கு?” என்றார். மன்னார்குடிக் காதுக்கு அந்த ‘வே’ அவமானமாகக் கேட்டது. அடுத்த தடவை ரீடிங் எடுக்கப் போனபோது அந்த வீட்டில் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, ‘வே’ மரியாதைக் குறைவில்லை, ‘வாரும், இரும்’ என்கிற பழைய மரியாதையோடு சேர்ந்தது. ‘ஏலே’ என்பது வயதில் சின்னவனுக்கோ நெருங்கிய சேக்காளிக்கோ. உங்களிடம் ஒருவர் ‘ஏலே’ என்று சொல்லும் நாள் வந்தால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆனால் நீங்களாக முந்திக்கொண்டு அதைச் சொல்லாதீர்கள், சினிமா பார்த்துவிட்டுப் பேசுகிற மாதிரி இருக்கும். ஆண்களில் பெரியவர்களை அண்ணாச்சி, பெண்களை அக்கா அல்லது மதினி, வயதானவர்களை ஆச்சி, தாத்தா. இது போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் மகள் இரண்டு மாதத்தில் ‘அங்கன, இங்கன’ என்று ஆரம்பித்துவிடுவாள், திருத்தாதீர்கள்.

திருவிழாக்களுக்குத் தயாராக இருங்கள், காதுக்கும் சேர்த்து. ஆனியில் நெல்லையப்பர் தேர். அன்றைக்கு டவுன் பக்கம் வண்டியில் போக நினைக்கவே வேண்டாம், நடந்து போய் வடத்தில் கைவைத்துவிட்டு வாருங்கள். பாளையில் தசரா நாட்களில் அம்மன் சப்பரங்கள் ராத்திரி முழுக்கத் தெருவில் வரும். இவை இரண்டும் ஊருக்கே பொது. தெருக்கோயில் கொடை, அதாவது அந்தக் கோயிலின் திருவிழா, அப்படி இல்லை. அதற்கு வரி என்று ஒன்று வாங்குவார்கள். அது அந்தக் கோயிலில் உரிமை உள்ள குடும்பங்கள் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. குடிவந்தவர்கள் கொடுப்பதற்குப் பெயர் நன்கொடை. என்னிடம் வரி கேட்கவில்லையே என்று மனம் சுருங்க வேண்டாம், வரி கொடுத்தாகவேண்டுமோ என்று பயப்படவும் வேண்டாம். முடிந்ததை நன்கொடையாகக் கொடுத்து, வில்லுப்பாட்டு நடக்கும்போது கொஞ்ச நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இரண்டு நாள் ஒலிபெருக்கி காதைப் பிளக்கும்தான். முதல் வருஷமே போய்ப் புகார் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது, ஆனாலும் அந்தத் தெருவில் அவர் கடைசி வரை ‘புகார் கொடுத்த சார்’ ஆகவே இருந்தார்.

காகித வேலைகளை முதல் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். காஸுக்கு ஓசூரிலேயே சிலிண்டர், ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுத்து டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கி வரவேண்டும், இங்கே வந்த பிறகு அதற்காகப் போய்வருவது வீண். ஆதார், ரேஷன் கார்டு முகவரி மாற்றம், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. இவற்றுக்கெல்லாம் வாடகை ஒப்பந்தம் உதவும் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மனைவி வேலைக்கோ கடைக்கோ போக, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021இலிருந்து கட்டணம் இல்லை. இருசக்கர வாகனம் இன்னொன்று வாங்குவதற்கு முன்னால் உங்கள் தெருவிலிருந்து பஸ் ஸ்டாப் எத்தனை நடை என்று எண்ணிப் பாருங்கள். குப்பையை மக்கும், மக்காத என்று பிரித்துத்தான் வாங்குவார்கள். தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் ஊருக்குப் போகும் நாளில் உதவும்.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, அம்மாவுக்காகச் சொல்கிறேன். இங்கே ஹோட்டல் சாப்பாட்டை வைத்து இந்த ஊர்ச் சமையலை எடைபோட வேண்டாம். தேங்காய்ப் பால் சேர்த்த சொதியும் இஞ்சித் துவையலும், உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறும் வீடுகளில்தான் இருக்கின்றன. தேங்காய்ப் பால் உங்கள் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அல்வாவுக்கு நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் நிற்கும் வரிசையில் ஒரு தடவை நின்றால் போதும், அதற்கப்புறம் உங்கள் தெருப் பக்கத்திலேயே ஒரு கடை உங்களுக்குப் பிடித்துப்போகும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு இரண்டு வீட்டில் எது என்று தடுமாறினால், இரண்டு தெருவுக்கும் ஒரு தடவை சாயங்காலம் ஆறரைக்குப் போய்ப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். “யாரு வேணும்?” என்று எந்தத் தெருவில் முதலில் கேட்கிறார்களோ அந்தத் தெருவில் முடித்துவிடுங்கள். சாமான் வண்டி வந்து இறங்குவதற்கு முந்தின நாளே ஓனரிடம் சொல்லி மேல் டேங்கை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். ஓசூரிலிருந்து ராத்திரி கிளம்பினால் காலையில் வந்து சேருவீர்கள், அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றுபோயிருக்கும்.